ஆபரேஷன் முடிந்த பிள்ளைக்கு எவ்வளவு வலிக்கிறது? தருமபுரி வார்டில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பகலில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது யாரும் வாய் திறப்பதில்லை. “எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்” என்று தலையாட்டிவிடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு நான் மருந்து டிரேயைத் தள்ளிக்கொண்டு வரும்போதுதான் ஒவ்வொன்றாகக் கேள்வி வரும். தருமபுரிப் பக்கம் குழந்தைகள் ஆபரேஷன் வார்டில் நர்சாக இருந்த வருஷங்களில் பென்னாகரம், அரூர், பாலக்கோடு, சித்தேரி மலை, சில சமயம் கிருஷ்ணகிரி தாண்டி தளி, அஞ்செட்டி வரைக்கும் உள்ளவர்கள் வந்து படுத்திருக்கிறார்கள். ஊர் எதுவானாலும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: பிள்ளைக்கு எவ்வளவு வலிக்கிறது, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்போது மருந்து டிரேயைப் பிடித்தபடி அவசரத்தில் சொன்ன பதில்களைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிற மாதிரி வலிக்கு ஒரு கருவி கிடையாதா?

கிடையாது. இருந்திருந்தால் எங்கள் வேலை பாதி குறைந்திருக்கும்.

முயற்சி செய்யாமல் இல்லை. வலிக்கும்போது உள்ளங்கை வியர்ப்பதை அளக்கிற கருவி இருக்கிறது. கண்மணி எவ்வளவு விரிகிறது என்று பார்க்கிற கருவி இருக்கிறது. ஒரு இதயத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் நேரம் எப்படி மாறுகிறது என்று கணக்கிடுகிற கருவியும் உண்டு. பச்சைக் குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தும் பார்க்கிறார்கள். 2015-ல் அமெரிக்காவின் சான் டியகோவில், அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்த 5 முதல் 18 வயது வரையான பிள்ளைகளின் முகத்தை வீடியோ எடுத்து, முகத் தசைகளின் அசைவிலிருந்து கம்ப்யூட்டரே வலியைக் கணிக்குமா என்று சோதித்தார்கள். ஓரளவு கணித்தது.

இவற்றில் சில, மயக்கத்தில் இருக்கிற நோயாளிக்கு நன்றாகவே உதவும். விழித்திருக்கிற இரண்டு வயதுப் பிள்ளையிடம்தான் சிக்கல். பயந்தாலும் அதற்கு உள்ளங்கை வியர்க்கும், பசித்தாலும் துடிப்பு ஏறும். காய்ச்சல் அடித்தாலும் மானிட்டரில் 150 ஓடும். கருவிக்குத் தெரிவது உடம்பில் ஏதோ கிளறப்பட்டிருக்கிறது என்பது மட்டும். கிளறியது வலியா, என் வெள்ளை யூனிஃபார்மா என்று அதற்குத் தெரியாது. ஆகவே பக்கத்துக் கட்டில் மானிட்டரில் எண் ஏறியது, என் பிள்ளைக்கு ஏறவில்லை என்று ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

பிறகு எதை வைத்து வலிக்கு மார்க் போடுகிறீர்கள்? அது சும்மா உங்கள் அபிப்பிராயம்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நல்ல கேள்வி.

அபிப்பிராயமாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அட்டவணை. பேச்சு வராத பிள்ளைகளுக்கும், பேசினாலும் வலியை எடுத்துச் சொல்லத் தெரியாதவர்களுக்கும் அதிகம் பயன்படுவது ஃபிளாக் என்கிற அட்டவணை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1997-ல் வெளியிட்டார்கள். இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரை இதை வைத்துப் பார்க்கலாம். ஐந்து விஷயம்: முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, சமாதானம் ஆகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. கூட்டினால் பத்துக்கு இவ்வளவு என்று வரும். பரீட்சை மாதிரி இல்லை, இங்கே சைபர் வாங்கினால்தான் நல்லது.

எப்படிப் பார்ப்போம் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒன்றரை வயதுப் பையன், குடலிறக்க ஆபரேஷன். மத்தியானம் தியேட்டரில் முதுகின் கீழே மரத்துப்போகிற ஊசி போட்டிருந்தார்கள். அது நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். சாயங்காலம் ஏழே முக்காலுக்குப் போனேன். முதலில் போர்வையை விலக்கினேன். போர்வைக்குள் இருக்கிற காலுக்கு மார்க் போட முடியாது. புருவம் அவ்வப்போது சுருங்கி விரிந்தது: 1. இரண்டு முழங்காலும் வயிற்றை நோக்கி மடங்கியிருந்தது, நீட்டிவிட்டால் திரும்ப மடக்கினான்: 2. ஒரு பக்கமாகப் படுக்க முடியாமல் நெளிந்துகொண்டே இருந்தான்: 1. பெரிய அழுகை இல்லை, முனகல்: 1. அம்மா தூக்கித் தோளில் போட்டால் கொஞ்ச நேரம் அடங்கினான், மறுபடி ஆரம்பித்தான்: 1. மொத்தம் 6. மருந்து கொடுத்தேன். எட்டே முக்காலுக்குத் திரும்பிப் பார்த்தபோது கால் நீண்டிருந்தது, அம்மாவின் தாலிக்கயிற்றை இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான். கூட்டிப் பார்த்தேன், 1 வந்தது.

இதில் என் அபிப்பிராயம் எங்கே இருக்கிறது? ஒரு துளி இருக்கத்தான் செய்யும். ஆனால் அடுத்த ஷிஃப்டில் வருகிற நர்சும் இதே ஐந்தைத்தான், விழித்திருக்கிற பிள்ளையிடம் இரண்டு மூன்று நிமிடமாவது நின்று, தூங்குகிற பிள்ளையிடம் ஐந்து நிமிடமாவது நின்று பார்ப்பார். 6 என்ற எண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டால் அது பெரிதாக எதையும் சொல்லாது. 6 ஒரு மணி நேரத்தில் 1 ஆனது என்பதுதான் சேதி. இரண்டாவது தடவை வந்து பார்க்காத மார்க்கை நான் மார்க்காகவே எண்ணுவதில்லை.

அழுதால் வலிக்கிறது, அழாவிட்டால் வலி இல்லை. அவ்வளவுதானே?

அப்படி நினைத்து நானே ஒரு தடவை தப்புச் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, வேறொரு ஆஸ்பத்திரி. ஐந்து வயதுப் பையன், வயிற்றைத் திறந்து செய்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு மறுநாள். கழுத்து வரை போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். “நல்லா இருக்கான் சிஸ்டர், சத்தமே இல்ல” என்றார் அப்பா. நானும் வாசலில் நின்றே பார்த்துவிட்டு 1 என்று எழுதினேன். அரை மணி கழித்து ஆயாம்மா விரிப்பு மாற்ற அவனைப் புரட்டினார். சத்தம் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டான், கண்ணோரம் தண்ணீர் வழிந்தது, ஒரு கை வயிற்றுக் கட்டின் மேல் குடை மாதிரிக் கவிழ்ந்தது, உடம்பு கட்டை போல விறைத்துவிட்டது. திரும்பப் போட்டால் 7. அழுகைக்கு அதில் சைபர்தான்.

அசைந்தால் வலிக்கும் என்று தெரிந்துகொண்ட பிள்ளை அசையாமல் இருக்கப் பழகிக்கொள்ளும். மூச்சைக் கூட மேலோட்டமாக விடும், இருமாது. அதுதான் பிறகு நெஞ்சில் சளி கட்டுவதற்கும் வழி. அன்றிலிருந்து பிள்ளை படுத்திருக்கும்போது ஒரு தடவையும், புரண்டு படுக்கும்போதோ உட்கார வைக்கும்போதோ ஒரு தடவையும் பார்க்கிறேன். வார்டில் ரொம்பச் சமர்த்தாக இருக்கிற பிள்ளையின் கட்டிலுக்குத்தான் முதலில் போவேன்.

தியேட்டரிலிருந்து வந்ததும் பேய் பிடித்த மாதிரிக் கத்தினாள், என்னையே யாரென்று தெரியாமல் அடித்தாள். அவ்வளவு வலியா?

வலியாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் மயக்கம் தெளிகிறபோது வருகிற குழப்பம். மூச்சு வழியாகக் கொடுக்கிற மயக்க மருந்துக்குப் பிறகு, முக்கியமாக இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள், இது சகஜம். அடையாளம் கண்ணில் இருக்கிறது. வலியில் அழுகிற பிள்ளை அம்மாவைப் பார்த்து அழும். குழப்பத்தில் இருக்கிற பிள்ளை யாரையும் பார்க்காது, பார்வை எங்கோ இருக்கும், கை கால் குறியில்லாமல் அடிக்கும், என்ன சொன்னாலும் காதில் ஏறாது. இதற்கும் 2004-ல் வந்த ஒரு தனி அட்டவணை உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கால் மணி, அரை மணியில் அடங்கிவிடும். விழுந்து அடிபடாமல், கையில் போட்ட ஊசியைப் பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். திருஷ்டி கழிப்பதானால் அது முடிந்த பிறகு வீட்டில் கழித்துக்கொள்ளுங்கள். வார்டுக்குள் ஆக்சிஜன் ஓடுகிறது, கற்பூரம் வேண்டாம்.

பசியில் அழுகிறதா, வலியிலா?

பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் கொடுத்துப் பாருங்கள். பசியானால் அதோடு முடிந்துவிடும். வலியானால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு விட்டுவிடும். மூத்திரம் போகாமல் வயிறு முட்டியிருக்கிறதா, கட்டு இறுக்கமாக இருக்கிறதா, ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றாக இருந்து, அது தெரியாமல் வலி மருந்தை ஊற்றிக்கொண்டிருந்த கதைகள் உண்டு.

என் பிள்ளைக்குப் பேச்சு வரும். அவனையே கேட்கக் கூடாதா?

கேட்க வேண்டும். பிள்ளையே சொல்ல முடிந்தால் அதற்கு மேல் அட்டவணை இல்லை. மூன்று நாலு வயதிலிருந்து முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம், எட்டு வயதுக்கு மேல் பத்துக்கு எவ்வளவு என்று எண்ணிலேயே கேட்கலாம்.

முகப் படங்களில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று 1983-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் தீக்காயப் பிள்ளைகளுக்காக டோனா வாங், கானி பேக்கர் இருவரும் செய்தது. அதில் ஒரு கோடியில் சிரிக்கிற முகம், மறு கோடியில் கண்ணீர் விடுகிற முகம். இன்னொன்று வேறொரு பழைய முகப் பட வரிசையை 2001-ல் திருத்தி வந்தது. ஆறு முகம், சிரிப்பும் கிடையாது, கண்ணீரும் கிடையாது, வலியில் முகம் இறுகுவது மட்டும் படிப்படியாக வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சிரிக்கிற முகத்தைக் காட்டினால் பிள்ளை அழகான படம் என்று அதைத் தொடும். கண்ணீர் முகத்தைக் காட்டினால், “நான் அழல” என்று நகர்ந்துவிடும். வலி பத்தில் எட்டு இருந்தாலும் கண்ணீர் வராத பிள்ளை எந்த முகத்தைத் தொடும்?

கேட்கிற விதத்திலும் இருக்கிறது. “எப்படி இருக்கே சாமி?” என்று கேட்டால், வீட்டு ஞாபகம் வந்த பிள்ளை சோக முகத்தைக் காட்டும். “அறுத்த இடத்துல எவ்வளவு நோவுது, இதுல எந்த மூஞ்சி மாதிரி?” என்றுதான் கேட்க வேண்டும்.

“அழுதா நர்ஸ் ஊசி போட்டுரும்” என்றால்தான் அடங்குகிறான். அதில் என்ன தப்பு?

இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஏங்க, பூச்சாண்டி வேலைக்கு என்னைத்தான் பிடித்தீர்களா?

மிரட்டினால் அழுகை நிற்கும், உண்மைதான். வலி நிற்காது. பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: வலி என்று காட்டினால் ஊசி. அப்புறம் நான் ஆறு முகங்களையும் விரித்து வைத்துக் கேட்டால் கை நேராக முதல் முகத்துக்குப் போகும். ஒரு தடவை அரூர்ப் பக்கத்து ஏழு வயதுப் பெண், முதல் முகத்தில் விரலை வைத்துக்கொண்டு, “இதுதான்க்கா. ஊசி வேணாங்க்கா” என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு வாய் மிரட்டல் என் அட்டவணையை மொத்தமாகக் கெடுத்துவிட்டது. அவளிடம் என் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, வலி மருந்து கையில் ஏற்கனவே போட்டிருக்கிற குழாய் வழியாகத்தான் போகும், புதிதாகக் குத்த மாட்டேன் என்று சொன்ன பிறகு விரல் நாலாவது முகத்துக்கு நகர்ந்தது.

“ஆம்பளப் பையன் அழலாமா” என்பதும் இதே ஜாதிதான். அதைச் சொல்கிற தாத்தாக்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். வேண்டுமானால் டாக்டர் பேரைச் சொல்லி மிரட்டுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், அவரும் பாவம்.

எங்கள் வீட்டில் கன்னடம் பேசுவோம். அவள் சொல்வது உங்களுக்குப் புரியுமா?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நாலும் கேட்கும். இந்த விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். தருமபுரி ஆட்கள் “நோவுது” என்பார்கள், கன்னடத்திலும் அது “நோவு”தான். தெலுங்கு வீட்டுப் பிள்ளை “நொப்பி” என்னும். இதெல்லாம் பெரியவர்கள் சொல். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டுக்கு வீடு ஒரு சொல் இருக்கும், அது எந்த மொழியிலும் சேராது. அட்மிஷன் போடும்போதே அந்தச் சொல்லை நர்சிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். கூடவே, சாதாரணமாக அடிபட்டால் கத்துகிற பிள்ளையா, மூலையில் போய் உட்காருகிற பிள்ளையா என்பதையும் சொல்லிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, உங்கள் பிள்ளையை அன்றுதான் முதலில் பார்க்கிற நர்சுக்கு இந்த இரண்டு வரி பெரிய உதவி.

என் மகனுக்கு மூளை வளர்ச்சி கொஞ்சம் குறைவு. எப்போதுமே கால் விறைப்பாகத்தான் இருக்கும். அவனுக்கும் இதே மார்க்கா?

இல்லை. அவனுக்குச் சாதாரண அட்டவணை போட்டால், வலி இல்லாத நாளிலேயே காலுக்கு 2 விழுந்துவிடும். அதனால் ஃபிளாக் அட்டவணையையே கொஞ்சம் மாற்றி, பிள்ளைக்குப் பிள்ளை தனி அடையாளங்களைச் சேர்த்துக்கொள்கிற வகை இருக்கிறது. அந்த அடையாளங்களைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். தலையை இடித்துக்கொள்வானா, கையைக் கடிப்பானா, திடீரென்று சிரிப்பானா? வலியில் சிரிக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் அம்மா சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இப்படிப்பட்ட பிள்ளையின் அம்மாவை, விசிட்டிங் நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்பக் கூடாது என்பது என் கட்சி.

பிறந்து நாலு நாள் ஆன குழந்தைக்கு வலி தெரியுமா?

தெரியும். “பச்சப் புள்ளைக்கு என்னா தெரியும்” என்று ஊரில் சொல்வது இருக்கட்டும், பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தன. நரம்பு முழுசாக வளரவில்லை, அதனால் வலி ஏறாது, மயக்க மருந்துதான் ஆபத்து என்று சொல்லி, 1980-கள் வரை குறைமாதக் குழந்தைகளுக்கு உடம்பு அசையாமல் இருக்க மட்டும் மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தது உண்டு. 1985-ல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயை அப்படிக் கட்டினார்கள். விஷயம் பிறகு தாய்க்குத் தெரியவந்து, அவர் அதை ஊரறியச் சொன்ன பிறகுதான் ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், இந்தியாவிலிருந்து போன கன்வல்ஜீத் ஆனந்த் என்ற டாக்டர், அதே ஆபரேஷனுக்கு வலி மருந்து சேர்த்துக் கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டார். கொடுத்த குழந்தைகளின் உடம்பில் அதிர்ச்சியின் அடையாளமான ஹார்மோன்கள் குறைவாகவே ஏறின, தேறியதும் நன்றாக இருந்தது. அது வெளிவந்தது 1987-ல்.

இப்போது பச்சைக் குழந்தைக்கென்று தனி அட்டவணைகளே இருக்கின்றன. அழுகை, ஆக்சிஜன் தேவை கூடுகிறதா, துடிப்பும் பிரஷரும் ஏறுகிறதா, முகம், தூக்கம் என்று ஐந்தும் பார்க்கிற ஒன்று 1995-லேயே வந்துவிட்டது. முகத்தில் என்ன பார்ப்போம் என்றால், புருவம் நடுவில் மேடாகும், கண் இறுக மூடும், மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்குகிற கோடு ஆழமாகும். குதிகாலில் ரத்தம் எடுக்கும்போது இந்த மூன்றையும் நீங்களே பார்க்கலாம். அந்த நேரத்தில் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தால் அழுகை நன்றாகவே குறையும், நர்சைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மார்க் போட்டு முடித்த பிறகு என்ன செய்வீர்கள்?

பொதுவாக 1 முதல் 3 வரை லேசான வலி. தூக்கி வைத்துக்கொள்வது, படுக்கிற வாகை மாற்றுவது, போனில் பொம்மைப் படம் காட்டுவது போதும். (ஆமாம், நானே சொல்கிறேன், அன்றைக்கு ஒரு நாள் போன் கொடுக்கலாம்.) 4 ஆகிவிட்டால் மருந்து வேண்டும். 7, 8 என்றால் நான் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் மறுவேலை. கையில் போட்ட குழாய் வழியாகக் கொடுத்தால் கால் மணி, அரை மணியில், வாய் வழியாகக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். நான் வராவிட்டால் வந்து கூப்பிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கோபித்தாலும் கூப்பிடுங்கள்.

வலி மருந்து பழக்கமாகிவிடாதா? தாங்கிக்கொள்ளட்டுமே?

டாக்டர் எழுதிய அளவில் நாலைந்து நாள் கொடுத்து எந்தப் பிள்ளையும் அடிமையானதில்லை. ஆனால் எல்லா மருந்தும் பிள்ளைக்கு ஆகாது. கோடீன், டிராமடால் இரண்டையும் 12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் சொல்லிவிட்டது. சில பிள்ளைகளின் கல்லீரல் இவற்றை அதிவேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடும், மூச்சு அடங்கிப்போகும். நிமெசுலைடை நம் நாட்டிலேயே 12 வயதுக்குக் கீழே 2011-ல் தடை செய்துவிட்டார்கள். ஆகவே தாத்தாவின் மூட்டுவலி மாத்திரையில் கால்வாசியை உடைத்துக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குப் போனபின் யார் மார்க் போடுவது?

நீங்கள்தான். அதற்கும் ஒரு அட்டவணை இருக்கிறது. கனடாவில் 1996-ல் பெற்றோருக்கென்றே செய்தது. பதினைந்து கேள்வி, எல்லாம் ஆம் அல்லது இல்லை. வழக்கத்தைவிட நச்சரிக்கிறானா, சட்டென்று அழுகிறானா, விளையாட்டு குறைந்ததா, எப்போதும் செய்வதைச் செய்யவில்லையா, கவலையாக இருக்கிறானா, பேச்சு குறைந்ததா, சோர்ந்திருக்கிறானா, சாப்பாடு குறைந்ததா, சாப்பிடவே மாட்டேன் என்கிறானா, புண்ணைப் பிடித்துக்கொள்கிறானா, அது எதிலும் படாமல் ஒதுங்குகிறானா, முனகுகிறானா, முகம் சிவந்திருக்கிறதா, உங்களை விட்டு நகர மறுக்கிறானா. கடைசியாக எனக்குப் பிடித்த கேள்வி: வழக்கமாக மருந்தென்றால் ஓடுகிறவன் இப்போது பேசாமல் வாங்கிக் குடிக்கிறானா? ஆறோ அதற்கு மேலோ ஆம் வந்தால் வலி இருக்கிறது, மருந்து தேவை.

இந்த அட்டவணையின் உயிர் “வழக்கத்தைவிட” என்ற சொல்லில்தான் இருக்கிறது. எப்போதுமே அரைக் களி உருண்டையோடு எழுந்துவிடுகிற பிள்ளை இன்றும் அரை உருண்டையோடு எழுந்தால் அது கணக்கில்லை. அந்த வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

பாராசிட்டமால் சிரப் எத்தனை மில்லி?

சீட்டில் டாக்டர் எழுதியதுதான் அளவு. ஆனால் பாட்டிலில்தான் நிறையத் தப்பு நடக்கிறது, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். கடையில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கிற சிரப்பும் உண்டு, 250 இருக்கிற சிரப்பும் உண்டு, பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதலாவதில் 6 மில்லி கொடுக்க வேண்டும், இரண்டாவதில் 3 மில்லி. சொட்டு மருந்து ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம், அதில் ஒன்றரை மில்லி போதும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பாட்டில் தீர்ந்து கடையில் வேறு வாங்கினால், அளவு ஒன்றுதானா என்று பெட்டியைப் படியுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சு பத்து ரூபாய்க்குள் கிடைக்கும். சளி மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறிவிடும்.

முதல் இரண்டு நாள் வலி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுப்பதுதான் நல்லது. ஏறிவிட்ட வலியை இறக்குவதற்கு அதிக மருந்து பிடிக்கும்.

எங்கள் ஆயா குடலேற்றம் என்று வயிற்றை நீவிவிடச் சொல்கிறார்.

தையல் போட்ட வயிற்றில் எண்ணெய் தடவி நீவக் கூடாது, தலைகீழாகப் பிடித்து உலுக்கவும் கூடாது. ஆயாவிடம் பிள்ளையின் தலையைக் கோதிவிடச் சொல்லுங்கள். அது நிஜமாகவே மார்க்கைக் குறைக்கும்.

எப்போது உடனே கிளம்பி வர வேண்டும்?

வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டிருந்தது திரும்ப ஏறினால் வாருங்கள். டான்சில் மட்டும் விதிவிலக்கு, அதில் நாலைந்து நாள் கழித்துக் கூட வலி கூடும். ஆனால் ரத்தம் வந்தால், கொஞ்சமானாலும், அப்போதே கிளம்ப வேண்டும். பச்சையாக வாந்தி, வயிறு உப்பிக் கெட்டியாவது, மருந்து கொடுத்தும் அடங்காத அழுகை, எட்டு மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் போகாதது, தட்டி எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம், மாவுக்கட்டுப் போட்ட கால் விரல் நீலமாவது: இதில் எதற்கும் மார்க் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி பஸ்ஸில் கூட்டிப் போகலாமா?

குடலிறக்கம் மாதிரிச் சின்ன ஆபரேஷன் என்றால் போகலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மருந்து கொடுத்துவிடுங்கள். பின் சக்கரத்துக்கு மேலேயும் கடைசி வரிசையிலும் உட்கார வேண்டாம், நடுவில் உட்காருங்கள். அஞ்செட்டி மாதிரி வளைவு நிறைந்த மலை ரோடானால் கண்டக்டரிடம் சொல்லிவைத்தால் டிரைவர் வேகத்தடையில் கொஞ்சம் பார்த்து இறக்குவார். பிள்ளையை மடியில் குறுக்காக, முழங்கால் கொஞ்சம் மடங்கினாற்போல் வைத்துக்கொண்டால் தையல் இழுக்காது. இறங்கியதும் போர்வையை விலக்கிக் காலைப் பாருங்கள்.